எதிர்ப் பக்கம் தேய்ந்த குழல்

பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குத் திரும்பும் ஃபெரி கரையைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள் சாவியைத் திருகிவிட்டு, முன்னால் நிற்பவரின் முதுகை முறைத்துக்கொண்டிருக்கும் ஆள் நான். கடையில் தேநீர் வரத் தாமதமானால் இரண்டு தடவை எழுந்து உட்காருவேன். அப்படிப்பட்டவன் மாதக்கணக்கில், எங்கேயோ இருப்பவர்கள் விற்கும் பழைய மரக் குழல்களுக்காக இணைய ஏலத்தில் காத்துக் கிடந்தேன். இதை என் மனைவியே முதலில் நம்பவில்லை. நான் ஏதோ சீட்டாட்டத்தில் விழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்தாள்.

காரணம் என் முகம். தீபாவளி முடிந்த சில நாட்களில், ஒரு காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீன மாமி கதவைத் திறந்துவிட்டார். பக்கவாதம் என்று பயந்து ஓடினோம். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, மூளையில் ஒன்றும் இல்லை, முகத்து நரம்புதான் வீங்கியிருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கண்ணாடி முன் நின்று சிரிக்கவும் கன்னத்தை உப்பவும் சொன்னார்கள்.

எனக்கு முக்கால்வாசி சரியானது. பேச்சு திரும்பியது. கண் மூடியது. மிச்சம் நின்றவை இரண்டு. ஒன்று, எதையாவது மென்றால் போதும், வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். நரம்பு தப்பாக ஒட்டிக்கொண்டதால் அப்படி என்றார் மருத்துவர். இன்னொன்று, உதட்டின் வலது ஓரம் இறுக மூடாது. அதனால் பேச்சுக்குக் கெடுதல் இல்லை, சாப்பாட்டுக்கும் இல்லை. ஆனால் குழல் ஊதுகிறவனுக்கு உதடு போனால் எல்லாம் போனதுதான்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் கோயிலில் சனிக்கிழமை தோறும் பஜனை நடக்கும். அதில் இருபது வருஷத்துக்கு மேல் மூங்கில் குழல் ஊதிவந்தேன். நான் பெரிய வித்வான் இல்லை. பாடுகிறவர்களின் பின்னால் போய், அவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் நிரப்புவேன், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அக்கரையில், மாக் மண்டினில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளன். காலையிலிருந்து மாலைவரை கத்திக்கொண்டே இருக்கும் வேலை. வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் யாரிடமும் கத்தாமல், யார்மீதும் எரிந்து விழாமல் இருப்பேன். சனிக்கிழமைக்குப் பிறகு ஞாயிறு முழுவதும் நான் நல்ல மனுஷன் என்பது மனைவியின் கணக்கு.

உட்காரும் இடமும் மாறாது. நடுவில் ஆர்மோனியப் பெரியவர். அவருக்கு வலப்புறம் நான், எனக்கும் வலப்புறம் டோலக். குழல் வலது பக்கமாக நீளும். டோலக்காரர் அதற்கேற்றபடி ஒரு கை தள்ளி உட்காருவார். பெரியவர்தான் குழுவுக்குத் தலைவர். கோயிலில் கால் நீட்டினால் முறைப்பார், பாட்டு நடுவில் கைப்பேசி அடித்தால் பாட்டையே நிறுத்திவிடுவார். கூடம் கட்டிய நாளிலிருந்து அவருடைய ஆர்மோனியம் ஒரே தரைக்கல்லின் மேல்தான் இருக்கிறது என்று கேலி பேசுவோம், அவர் இல்லாதபோது.

முகம் கோணிய பிறகு முதல் தடவை குழலை எடுத்து ஊதினேன். புஸ் என்றது. காற்று பாதி குழலுக்குள், மீதி கன்னத்தின் மேல். விரலால் உதட்டோரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினால் துளையை மூட விரல் இல்லை. சீன வைத்தியரிடம் போய் முகத்தில் ஊசி குத்திக்கொண்டேன். சூடான துணி வைத்தேன். குழல் அசையவில்லை. ஒரு வாரம் வீட்டிலும் வேலையிலும் எரிந்து விழுந்தேன். பயமாக இருந்தது. அந்தப் பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

அப்புறம் என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் உட்கார்ந்து ஆராய நேரம் இல்லை. பாகத்தை மாற்று, ஓடுகிறதா பார், ஓடாவிட்டால் அடுத்த பாகத்தை மாற்று. இதைத்தான் என் கீழே வேலை பார்ப்பவர்களுக்கும் தினமும் சொல்வேன். குழலுக்கும் அதையே செய்தேன். சிறிய வாய்த்துளை உள்ள பழைய மரக் குழல்களுக்கு அதிகக் காற்று வேண்டாம், பலவீனமான உதட்டுக்கும் இணங்கும் என்று எங்கோ படித்தேன். மரத்தைக் கடைந்து, இரண்டு மூன்று துண்டாகப் பொருத்துகிற ஐரோப்பியக் குழல்கள். புதிதாக வாங்கினால் விலை கேட்கவே முடியாது. இணைய ஏலத்தில் வீட்டுப் பரணைக் காலி செய்கிறவர்கள் நம் பாசாரில் ஒரு வாரத்து மீன் வாங்கும் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது பக்கவாட்டில் ஊதும் குழலே இல்லை. முனையில் வாய் வைத்து ஊதும் பள்ளிக்கூட விசில். படத்தில் அந்த முனையை மட்டும் காட்டாமல் விட்டிருந்தான் விற்றவன். அடுத்தது அசல் குழல்தான். ஆனால் யாரோ அதை மேசை விளக்காக மாற்றியிருந்தார்கள். அடியில் மின்கம்பி போவதற்கு ஓட்டை போட்டிருந்தது. மூன்றாவது சுவரில் மாட்டுகிற அலங்காரப் பொருள், உள்ளே துளையே இல்லை. ஊத ஊத எனக்குத்தான் மண்டைக்குள் காற்று ஏறியது. நான்காவது நல்ல குழல். நம்மூர்ப் புழுக்கத்தில் பொருத்து உப்பி, போட்ட துண்டைக் கழற்றவே முடியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் மனைவி விளக்கேற்ற வைத்திருக்கும் நல்லெண்ணெயைத் தடவுவேன். வீடு கார்த்திகைத் தீபம்போல் மணக்கும். அவள் கடைக்குப் போகும் நேரத்தில் ஒவ்வொன்றையும் ஊதுவேன். புஸ். உடனே அடுத்ததைத் தேட உட்கார்ந்துவிடுவேன். பிழை என் உதட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் உதட்டை ஏலத்தில் எடுக்க முடியாது.

ஏலம் ஒரு பொல்லாத சமாசாரம். மாலையில் வேலை முடிந்து ஃபெரிக்குக் காத்திருக்கும் நேரம்தான் ஐரோப்பாவில் பட்டப்பகல். அப்போதுதான் பல ஏலங்கள் முடியும். கடைசி நொடிவரை நான்தான் முன்னால் இருப்பேன். நடுக்கடலில் ஃபெரி திரும்பும்போது கைப்பேசியில் இணைய இணைப்பு அறுந்துவிடும். திரும்ப வரும்போது எவனோ தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஒரு தடவை ஆத்திரத்தில் கைப்பிடிக் கம்பியை ஓங்கிக் குத்தினேன். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்மணி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் அதே இடத்தில் நின்று இன்னொரு குழலுக்கு விலை கேட்டேன்.

பொட்டலங்கள் வீட்டுக்கு வந்தால் மனைவி கேள்வி கேட்பாள். அவள் கூடத்தில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கிறாள், நாள் முழுக்க வீட்டில்தான். எங்கள் குடியிருப்பின் கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாயிடம் பேசி, அவர் கடை முகவரிக்கு வரவழைத்தேன். பாய் அவற்றை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்து எனக்குத் தருவார். கறிக்குழம்பு வாசம் பிடித்த குழல்கள் என்னிடம் நிறைய உண்டு.

"அண்ணே, இது எத்தனாவது? நீங்க கடை தொறக்கப் போறீங்களா லா?" என்பார் பாய்.

"இதுதான் கடைசி, பாய்."

"போன வாரமும் அதான் சொன்னீங்க. சரி, மாக்கான் போட்டாச்சா? உக்காருங்க."

சாப்பிட உட்கார்ந்தால் வலது கண் வழிய ஆரம்பிக்கும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டுப் பாய் சமையல்காரரைக் கூப்பிட்டுச் சம்பலில் மிளகாயைக் குறைக்கச் சொல்லிவிட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகும், எனக்கு மட்டும் குழம்பைக் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்.

மனைவிக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அலமாரியில் என் பழைய சட்டைகளுக்கு அடியில் குழல்களை வைத்திருந்தேன். துணி தைக்கிறவளிடமிருந்து துணிக்கடியில் எதையாவது ஒளிக்க முடியுமா?

தைப்பூசம் முடிந்த ஒரு சனிக்கிழமை, சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்று பஜனைக்குப் போனேன். என் இடத்தில் ஒரு கீபோர்டு இருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு நடுவில் ஒரு பட்டனை அமுக்கினாள். குழல் கேட்டது. பிசிறில்லாத, சுத்தமான குழல். நீண்டுகொண்டே போனது. நான் என்னையறியாமல் அந்தக் குழலோடு சேர்ந்து மூச்சைப் பிடித்திருக்கிறேன். என் மூச்சு முட்டிவிட்டது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு மூச்சு வாங்கவே வேண்டாம்.

முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து வந்தாள். "அண்ணே, நீங்க வர்ற வரைக்கும்தான். கோவிச்சுக்காதீங்க." நல்ல பெண். அவள்மேல் கோபப்பட ஒன்றும் கிடைக்காததால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரியவர் என்னைக் கோயில் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, புரட்டாசிக்கு நாலு சனிக்கிழமையும் பெரிய பஜனை. கூட்டம் வரும். உன்னால ஊத முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. அந்தப் பொண்ணையே நிரந்தரமா வச்சுக்கலாம். எனக்கு ஒரு முடிவு தெரியணும்."

"புரட்டாசிக்கு நான் வந்துருவேன் ஐயா," என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு நடந்துவரும்போது கால் தரையில் படவில்லை, பயத்தில்.

அன்றிலிருந்து ஏலத்தில் வெறிபிடித்தவன்போல் இறங்கினேன். சாப்பாட்டு இடைவேளையில், இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றும்போது, போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதுகூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண்மணி போட்டிருந்த குழல் ஒன்று கண்ணில் பட்டது. கருத்த மரம், துளையை மூட ஒரே ஒரு வெள்ளிச் சாவி, தலைப்பகுதியில் மயிரிழை விரிசல். அதனால்தான் மலிவு. வாய்த்துளை சிறியது, முட்டை வடிவம். எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அந்த மாலை ஃபெரியில் ஏறவில்லை. இணைப்பு அறுந்துவிடும் என்று ஒரு ஃபெரியை விட்டுவிட்டுக் கரையிலேயே நின்றேன். எனக்கே கிடைத்தது. பட்டர்வொர்த் கரையில் தனியாகக் கையைத் தட்டிக்கொண்டேன்.

குழல் வந்துசேர நெடுநாள் ஆயிற்று. அதற்குள் பாயைத் தினமும் கேட்டுக் கேட்டு, என்னைக் கண்டாலே அவர் தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். கடைசியில் ஒரு நாள் விரிக்கவில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடப் பொறுக்காமல் கடையிலேயே பிரித்தேன். துண்டுகளைப் பொருத்தி உதட்டில் வைக்கும்போதுதான் கவனித்தேன். பழைய குழல் என்றால் உதடு படும் இடம் தேய்ந்து, மெருகு போய், வெளிறியிருக்கும். இதிலும் தேய்மானம் இருந்தது. ஆனால் துளையின் எதிர் விளிம்புப் பக்கத்தில். நான் பிடித்தால் உதடு ஒருபோதும் படாத பக்கத்தில். உதடு பட வேண்டிய இடம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. கட்டைவிரல் தாங்கும் இடமும் அப்படியே, ஒரு பள்ளம் தப்பான பக்கத்தில்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புதுக் குழலை உப்புத்தாளால் தேய்த்துப் பழையதுபோல் காட்டியிருக்கிறார்கள். குழலை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாத ஏமாற்றுக்காரர்கள், தேய்க்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தைத் தேய்த்துவைத்திருக்கிறார்கள்.

"என்னாச்சு அண்ணே? ஒடஞ்சு போச்சா, ரோசாக்கா?" என்றார் பாய்.

"ரோசாக் இல்ல பாய், திருட்டு."

அங்கேயே நின்று அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். இருபது வருஷமாகக் குழல் ஊதுகிறவனை ஏமாற்ற முடியாது, தேய்மானம் பொய், பணத்தைத் திருப்பிக் கொடு. சூடு ஆறுவதற்குள் அனுப்பியும்விட்டேன்.

இரண்டாம் நாள், அதே கடையில் இரவுச் சோறு தின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. அவர் கோபப்படவே இல்லை. அந்தக் குழல் இறந்துபோன தன் கணவருடையது என்று எழுதியிருந்தார். கணவர் இடக்கைக்காரராம். எல்லாரும் குழலை வலது பக்கம் நீட்டினால் அவர் இடது பக்கம் நீட்டுவாராம். ஊர் வாத்தியக் குழுவில் அவர் குழல் பக்கத்து ஆளின் முகத்தில் இடிக்கும் என்பதால், கடைசிவரை அவரை வரிசையின் ஓரத்திலேயே உட்கார வைத்தார்கள், அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றும் எழுதியிருந்தார். படத்திலேயே தேய்மானம் தெரியும்படிதான் போட்டிருந்தேன், ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றால் அனுப்பிவிடுங்கள், பணம் தருகிறேன் என்று முடித்திருந்தார்.

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அந்த மனிதர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆயுள் முழுக்க அவர் வாய்வைத்து ஊதிய இடத்தைப் போய் உப்புத்தாள் வேலை என்று சொல்லிவிட்டேனே. வலது கண் வழக்கம்போல் வழிந்தது. பாய் ஓடிவந்து தண்ணீர் வைத்தார்.

கையைக் கழுவும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. என் முகத்தில் கெட்டுப்போனது வலது பாதி. இடது பாதி அன்றைக்கும் இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது.

உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் குழல் வரவழைத்தேன். பாகம் பாகமாக மாற்றிப் பார்த்தேன். ஒரு குழலைக்கூடத் திருப்பிப் பிடித்துப் பார்க்கவில்லை. நினைக்காமல் விட்டதற்கு முட்டாள்தனம் மட்டும் காரணம் இல்லை. கோயில் பிரசாதத்துக்கு இடது கையை நீட்டினால் புறங்கையில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன் நான். யாருக்காவது பணம் கொடுக்கும்போது வலது கையில் பை இருந்தால் பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கொடுப்பேன். எங்கள் வீட்டு நாட்காட்டியில் குழல் ஊதும் கண்ணன் வலது பக்கம்தான் நீட்டியிருக்கிறான். சாமிக்கு ஊதுகிற குழலை இடப்பக்கம் நீட்டலாம் என்பது எனக்குத் தோன்றியே இருக்காது. தோன்றியிருந்தாலும் சீ என்று தள்ளியிருப்பேன்.

பாயிடமே விட்டுவைத்திருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியேறி வீட்டுக்குப் போனேன். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். ஒளிவு மறைவு எல்லாம் மறந்து, அவள் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்துக் குழலைப் பொருத்தினேன். இடது பக்கமாக நீட்டினேன். கைகள் இரண்டும் இடம் மாறியதில் யாருடைய கைகளோ போல இருந்தன. எதிர்ப் பக்கத்துத் தேய்மானம் இப்போது என் உதட்டுக்கு நேராக வந்து பொருந்தியது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டின் இடது பாதியை மட்டும் குவித்து ஊதினேன்.

ஒலி வந்தது. மெல்லியது, நடுங்கியது, ஆனால் குழலின் ஒலி. புஸ் இல்லை.

தையல் இயந்திரம் நின்றது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "மெஷின் சத்தத்துல சரியா கேக்கலைங்க. இன்னொரு தரம் ஊதுங்க," என்றாள்.

ஊதினேன். மறுபடியும் வந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

"இடக்கைப் பக்கமா வருதே. சாமி முன்னாடி எப்படி இத நீட்டுறது? ஐயா கோயிலுக்குள்ளயே விடமாட்டாரு."

"சுங்கை பாக்காப்ல எங்கம்மாகிட்ட ஒரு இடக்கைக்கார அக்கா ரவிக்கை தைக்கக் குடுப்பாங்க," என்றாள் அவள். "எங்கம்மா கொக்கியெல்லாம் பக்கம் மாத்தி வச்சுத் தருவாங்க. அந்த அக்கா அதப் போட்டுக்கிட்டுத்தான் தேர் இழுக்க வந்தாங்க. ஒருத்தரும் கேக்கல லா." பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "அலமாரில இருக்கிற மத்ததெல்லாம் என்னா பண்ணப் போறீங்க? என் மடிச்ச துணியெல்லாம் எண்ணெய் நாத்தம்," என்றாள்.

ஜெர்மனிப் பெண்மணிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். குழலைத் திருப்பி அனுப்பவில்லை என்றும், உங்கள் கணவர் தேய்த்துவைத்த இடத்தில்தான் என் உதடு உட்காருகிறது என்றும் சொன்னேன்.

அந்தக் குழலின் சுருதி எங்கள் ஆர்மோனியத்துக்குச் சேராது. ஆனால் அது ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. என் பழைய மூங்கில் குழலில் துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில்தான். அதைத் திருப்பிப் பிடித்தாலும் குழல் குழல்தான். இத்தனை நாளும் அது அலமாரியின் மேல்தட்டில் சும்மா கிடந்தது.

திருப்பிப் பிடிக்கலாம், ஆனால் விரல்கள் கேட்க வேண்டுமே. மேல்கை கீழ்கையாகி, கீழ்கை மேல்கையாகி, இருபது வருஷத்துப் பழக்கம் தலைகீழானது. இந்த வயதில் குழந்தைபோல் ஸரிகமபதநிஸ ஊதினேன். 'க' என்று விரல் வைத்தால் 'நி' வரும். எத்தனையோ தடவை குழலை மெத்தையில் வீசியிருக்கிறேன். தரையில் வீசாத அளவுக்குப் புத்தி இருந்தது. தொழிற்சாலையில் எண்ணெய்க் குழாயை இடது பக்கமாகப் பிடித்து விரல் தட்டிக்கொண்டிருப்பேன். ஃபெரியில் கைப்பிடிக் கம்பிதான் குழல். ஏலம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிறுத்தவில்லை, குறைத்தேன்.

பெரியவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், "வந்துருவேன் ஐயா," என்று மட்டும் சொன்னேன். இடப்பக்கம் என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார் என்ற பயம் ஒவ்வொரு நாளும் இருந்தது. இத்தனை பாடுபட்டதும் அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. கோயில் கூடம் நிறைந்திருந்தது. மனைவி பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வங்கிப் பெண் என்னைப் பார்த்ததும் கீபோர்டைப் பின்னால் இழுத்து இடம் விட்டாள். நான் பழைய இடத்தில், பெரியவருக்கு வலப்புறம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இப்போது குழல் நீளப்போவது டோலக் பக்கம் இல்லை, பெரியவர் பக்கம். வீட்டில் சுவரைப் பார்த்து ஊதியவனுக்கு அது தோன்றவே இல்லை. ஜெர்மனியில் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

பாட்டு தொடங்கிவிட்டது. முதல் அடி முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். அது என் இடம். வேறு வழியில்லாமல் குழலை எடுத்து இடது பக்கமாக நீட்டி ஊதினேன். இரண்டு ஸ்வரம்தான் போயிருக்கும். குழலின் முனை பெரியவரின் காதில் போய் இடித்தது.

அவர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். பாட்டு நின்றது. டோலக் நின்றது. கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னா தம்பி, காதுல குத்துற?"

"ஐயா, வலது பக்கம் உதடு மூடல. இந்தப் பக்கந்தான் வருது. சாமி முன்னாடி இடக்கைப் பக்கம் நீட்டக் கூடாதுன்னா நான் எந்திருச்சிர்றேன் ஐயா."

அவர் குழலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கோணல் எந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எழுந்து நின்றார். அவருக்கு முழங்கால் வலி, எழுவதற்கே நேரமாகும். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நானும் எழப் பார்த்தேன்.

"நீ உக்காரு லா," என்றார்.

குனிந்து ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் தூக்கினார். யாரோ உதவ வந்தார்கள், வேண்டாம் என்று தலையசைத்தார். என் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, டோலக்காரரை நகரச் சொல்லிவிட்டு, எனக்கு வலப்புறத்தில் அதை இறக்கி வைத்தார். எனக்கு இடப்புறத்தில், அவர் இத்தனை வருஷம் உட்கார்ந்த கல் காலியாகக் கிடந்தது. என் குழல் நீள்வதற்கு வேண்டிய இடம் அங்கே இருந்தது.

அவர் உட்கார்ந்து துருத்தியைத் திறந்தார். "ம், எடு," என்றார்.

ஊதினேன். வலது கண் வழிந்தது. அது வாய் அசைந்தாலே வழியும் கண், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அன்றைக்கு இடது கண்ணும் வழிந்தது.